முற்றுணர்த்தும் விசை

ஒருவர் பேசத் தொடங்குவதை அறிதல் எளிது. அவர் பேசி முடித்தார் என்பதை அறிதலோ அரிது. தொடக்கத்திற்கு ஒலியே சான்றாகும். முடிவிற்கு மௌனம் ஒன்றே சான்றாயின், அம்மௌனம் முடிவினால் வந்ததோ, மூச்சு வாங்கவும் சொல் தேடவும் வந்ததோ எனக் கேட்போர் மயங்குவர். இம்மயக்கத்தை நீக்குதற்பொருட்டே மக்கள் பற்பல முடிவுக்குறிகளை வகுத்துக்கொண்டனர். ஆலயத்தில் ஒருவர் ஜெபம் ஏறெடுக்குங்கால், அவர் இடையிடையே எத்துணை நேரம் வாளா நின்றாலும், ‘ஆமென்’ என்னுஞ் சொல் வருமளவும் சபையார் கண்திறவாது காத்திருப்பர். நம் மொழியின் இலக்கணமும் இதனை நன்குணர்ந்துள்ளது. ‘வந்து’ என்றவழிக் கேட்போன் உள்ளம் பிறிதொரு வினையை நோக்கி நிற்கும். ‘வந்தான்’ என்றவழி அந்நோக்கம் அடங்கும். முன்னது எச்சம், பின்னது முற்று.

கணினியின் முன் அமர்ந்து எழுதுவார்க்கும் இத்தகைய முற்று ஒன்று உண்டு. விசைப்பலகையின் வலப்புறத்தே, பெரும்பாலும் வளைந்த அம்புக்குறி தாங்கி, எழுத்து விசைகளினும் சற்றே பெரிதாய்க் கிடக்கும் எண்டர் விசையே அது. திரையிலுள்ள உரைப்பெட்டியில் ஒருவர் எழுதி அவ்விசையை அழுத்தினார் என்பதை நிரலானது எவ்வாறு உணர்கின்றது, எவ்வாறு உணர்தல் தகும் என்பதே ஈண்டு யாம் எடுத்துக்கொண்ட பொருள். தமிழ் பயிலும் மாணாக்கர்க்கு இதனாற் பயன் என்னை என வினவுவார்க்கு, யாம் இதன்கண் ஈடுபட்ட காரணத்தை முதற்கண் கூறுதும்.

சென்ற கோடை விடுமுறையில் யாம் எம் பாட்டியார் வாயிலாக நாஞ்சில் நாட்டு வழக்குச் சொற்களைத் தொகுக்கத் தொடங்கினோம். அவருக்கு அகவை எண்பதைக் கடந்துவிட்டது. ‘அக்கானி’ என்பார், பிற மாவட்டத்தார் அதனைப் பதநீர் என்பர். ‘மரச்சீனி’ என்பார், பிறர் மரவள்ளிக் கிழங்கு என்பர். ‘சக்கை’ என்றால் ஏனையோர்க்குச் சாறு பிழிந்த கழிவு. எம்மவர்க்கோ தேன்சுளை நிறைந்த பலா. வயற்பரப்பிற்கு ‘ஏலா’ என்றும், மேட்டுநிலத் தோப்பிற்கு ‘விளை’ என்றும், நெல் விளைவின் இரு பருவங்களுக்குக் ‘கன்னிப்பூ’, ‘கும்பப்பூ’ என்றும் பெயர் கூறுவார். ஏலாக்கள் பல வீட்டுமனைகளாய் மாறிவரும் இந்நாளில், நிலத்தோடு அதன் பெயரும் மறைதல் இயல்பேயன்றோ? ஆதலின் அவர் சொல்லச் சொல்ல எழுதிக்கொள்ளுதற்குக் கணினியில் ஒரு சிறு சாளரம் அமைக்க விரும்பினோம். கணினியியல் பயிலும் தோழர் ஒருவர் எமக்குத் துணைநின்றார். சாளரத்தில் இரண்டு பெட்டிகள்: மேலே சொல்லுக்கு ஒன்று, கீழே பொருளுக்கு ஒன்று. முதியவர் பேசும்பொழுது யாம் சுட்டியைத் தேடிக் கையை எடுத்தல் கூடாது. சொல்லை எழுதி எண்டரை அழுத்தினவுடன் அது ஏற்கப்பட வேண்டும். யாம் வேண்டியது இவ்வளவே. இச்சிறு வேண்டுகோளினுள் எத்துணைப் பொருள் அடங்கியுள்ளது என்பது வேலையில் இறங்கிய பின்னரே புலனாயிற்று.

இவ்விசையின் வரலாற்றைச் சிறிது நோக்குவோம். 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் நாகர்கோயிலில் இலண்டன் மிஷன் அச்சகம் தொழிற்பட்ட காலத்தே, ஈய எழுத்துக்களைக் கையாற் கோப்பவரே ஒரு வரி நிரம்பிற்றா என்று கண்ணாற் கண்டு முடிவு செய்தனர். பின்னர்த் தட்டச்சுப்பொறி தோன்றியது. யாழ்ப்பாணத்திற் பிறந்த முத்தையா என்பார் 20-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் தமிழுக்கும் அத்தகைய பொறியை அமைத்துத் தந்தார். தட்டச்சுப்பொறியில் வரி முடியுந் தறுவாயில் மணி ஒன்று ஒலிக்கும். எழுதுவோர் இடப்பக்கத்து நெம்புகோலைத் தள்ளுவர். தாள் ஒரு வரி மேலேறத் தாளைத் தாங்கிய உருளை மீண்டும் தொடக்கத்திற்குத் திரும்பும். மின்விசையால் இயங்கும் தட்டச்சுப்பொறிகள் வந்தபின் நெம்புகோலின் தொழிலை ஒரு விசை ஏற்றது. திரும்புதலைச் செய்வதாகலின் அது ‘ரிட்டர்ன்’ எனப் பெயர் பெற்றது. தொலைத்தட்டச்சுப்பொறிகளில் இச்செயல் இரண்டு கட்டளைகளாகப் பிரிந்து நின்றது. 1963-இல் வெளியான ஆஸ்கி என்னும் குறியீட்டு முறையில், அடுத்த வரிக்கு நகர்த்துதல் 10 என்னும் எண்ணையும், வரித் தொடக்கத்திற்கு மீளுதல் 13 என்னும் எண்ணையும் பெற்றன.

‘எண்டர்’ என்னும் பெயரின் பிறப்பு வேறு. 1971-இல் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட 3270 என்னும் முனையங்களில், பணியாளர் திரையிலுள்ள படிவத்தை நிரப்பித் திருத்தி, எல்லாம் செம்மையாயின என்று கண்டபின் எண்டர் விசையை அழுத்துவர். அப்பொழுதுதான் எழுதியவை தலைமைக் கணினிக்குச் செல்லும். ஆகவே ரிட்டர்ன் என்பது வரி முடிந்தமையைக் குறித்தது. எண்டர் என்பது கருத்து முடிந்தமையைக் குறித்தது. இன்று இவ்விரண்டு தொழிலும் ஒரே விசையின்மேல் ஏறிக் கிடக்கின்றன. பல வரி எழுதும் பெட்டியில் அது வரியை முறிக்கின்றது. ஒரு வரிப் பெட்டியில் ‘எழுதி முடித்தேன், ஏற்றுக்கொள்’ என்கின்றது. ஒரு சொல் இருபொருள் படுமாயின் இடம் நோக்கிப் பொருள்கொள்ளுதல் வேண்டும் என்பது தமிழ் மாணாக்கர் அறிந்ததே. ஈண்டும் அவ்வாறே இடமே பொருளை விளக்குகின்றது.

நிற்க. விசையை அழுத்துவதற்கும் நிரல் அதனை அறிவதற்கும் இடையே நிகழ்வனவற்றைக் காண்போம். விரல் பட்டவுடன் விசைப்பலகை ஓர் எண்ணைக் கணினிக்கு அனுப்பும். இயக்குதளம் அவ்வெண்ணைப் பெற்று, எச்சாளரம் அப்பொழுது பயனர் கவனத்தில் உள்ளதோ அதனிடம் சேர்க்கும். சாளரம் தன்னுள் எப்பெட்டியில் எழுதுகுறி துடித்துக்கொண்டிருக்கின்றதோ அதனிடம் கொடுக்கும். நிரலுக்கு இச்செய்தி ஒன்றாக வாராது பெரும்பாலும் மூன்றாக வரும்: விசை தாழ்ந்தது என்பது முதலாவது, அதனால் இன்ன எழுத்துப் பிறந்தது என்பது இரண்டாவது, விசை எழுந்தது என்பது மூன்றாவது. விண்டோஸ் இயக்குதளத்தில் எண்டர் விசையின் எண் ஆஸ்கியிற் கண்ட அதே 13 ஆகும். நெம்புகோல் மறைந்தும் அதன் எண் மறைந்திலது.

ஆகவே நிரல் எழுதப் புகும் எவர்க்கும் முதலில் தோன்றும் வழி, தாழும் ஒவ்வொரு விசையையும் நோக்கியிருந்து, அதன் எண் 13 ஆயின் வேலையைத் தொடங்குக என்பதேயாம். இவ்வழி பல இடங்களில் நன்கு தொழிற்படும். ஆயினும் இதன்கண் இடர்கள் சில உள. முதலாவது, எண்டர் விசை ஒன்றன்று. பல விசைப்பலகைகளில் எண்தொகுதியின் ஓரத்தே மற்றொன்றும் உண்டு. விண்டோஸில் இரண்டற்கும் விசையெண் ஒன்றே. லினக்ஸ் கணினிகளிலோ முதலாவது ‘ரிட்டர்ன்’ என்றும், மற்றது ‘கே.பி. எண்டர்’ என்றும் வெவ்வேறு பெயரால் வரும். பைத்தான் மொழியோடு வரும் டிகே-இண்டர் என்னும் கருவித்தொகுதியில் ரிட்டர்னை மட்டும் பிணைத்து வைத்தால், கணக்கர் ஒருவர் எண்தொகுதியின் எண்டரை எத்துணை முறை அழுத்தினாலும் லினக்ஸில் நிரல் வாளா இருக்கும். ஆதலின் இரண்டையும் பிணைத்தல் வேண்டும். இரண்டாவது, விசையை விடாது அழுத்திப் பிடித்தால் ‘தாழ்ந்தது’ என்னுஞ் செய்தி மீண்டும் மீண்டும் வரும். ஒரு சொல்லே பத்து முறை பதிவாகவும் கூடும். மூன்றாவது, சாளரத்தில் ‘இயல்பான பொத்தான்’ என ஒன்று குறிக்கப்பட்டிருந்தால், எண்டரை அப்பொத்தானே கவர்ந்துகொள்ளும். விண்டோஸ் படிவங்களில் இவ்வாறு பொத்தான் குறிக்கப்பட்டவழி, ஒரு வரிப் பெட்டியில் விசைத்தாழ்வை நோக்கிக் காத்திருக்கும் நிரற்பகுதிக்குச் செய்தியே வந்து சேராது.

இம்மூன்றாம் இடரால் விளைந்த துன்பம் ஒன்றை யாம் நேரிற் கண்டோம். எம் உறவினர் ஒருவர்பொருட்டு விண்ணப்பம் நிரப்ப ஓர் அலுவலகம் சென்றிருந்தோம். ஆண்டு இருந்த ஊழியர் தந்தையார் பெயரை எழுதி எண்டரை அழுத்தினார். எழுதுகுறி அடுத்த பெட்டிக்குச் செல்லும் என்பது அவர் எண்ணம். சாளரமோ விண்ணப்பம் முற்றிற்று எனக் கொண்டு, முகவரி வெறுமையாகவே அதனை அனுப்பிவிட்டது. அதனைத் திருத்துதற்கு எம் உறவினர் மேலும் இருமுறை கூலிவேலையை விட்டு வரவேண்டியதாயிற்று. எச்சத்தை முற்றெனக் கொண்டதன் பயன் இது. இலக்கணப் பிழை ஏட்டோடு போம். இப்பிழையோ ஏழை ஒருவரின் இரண்டு நாட்கூலியைக் கொண்டுபோயிற்று.

இவ்விடர்கள் யாவற்றினும் பெரியது தமிழ் எழுதுவார்க்கே உரியது. ஆங்கிலத்தில் ஒரு விசைக்கு ஓர் எழுத்து. அழுத்தினவுடன் எழுத்து முடிந்தது. தமிழிலோ உயிர்மெய் பெரும்பாலும் இரண்டு விசைகளாற் பிறக்கின்றது. 1999-இல் சென்னையில் நடைபெற்ற மாநாட்டின் பயனாய்த் தமிழக அரசு ஏற்றுக்கொண்ட தமிழ்99 விசைப்பலகையில், ‘க’வை அழுத்திப் பின் ‘இ’யை அழுத்தினால் ‘கி’ ஆகின்றது. ஆகவே ‘க’ என்னும் எழுத்து அடுத்த விசை வருமளவும் முற்றோ எச்சமோ என்பது துணிய இயலாது. இதன்பொருட்டுச் சில உள்ளீட்டுமுறைகள், எழுத்தை உடனே பெட்டியிற் சேர்க்காமல், அடிக்கோடிட்டுத் தம் கையிலேயே வைத்திருக்கும். ஒலிபெயர்ப்பு முறையில் எழுதுவார்க்கோ சொல் முழுவதும் இவ்வாறு தொங்கி நிற்கும். கீழே ஒத்த சொற்களின் வரிசை தோன்றும். அவற்றுள் ஒன்றை ஏற்பதற்கும் எண்டரையே அழுத்துவர். அப்பொழுது எண்டரின் பொருள் ‘பதிவு முற்றிற்று’ என்பதன்று. ‘இச்சொல்லே யாம் வேண்டியது’ என்பது மட்டுமே.

இந்நிலையில் நிரலானது விசைத்தாழ்வை உள்ளீட்டுமுறைக்கு முன்னரே வழிமறித்துப் பெட்டியிலுள்ளதைப் படித்துக்கொண்டால் நிகழ்வது யாது? கையில் நின்ற ஈற்றெழுத்து விடுபட்டுப்போம். ‘விளை’ என எழுதியது ‘வி’ எனப் பதியும். ‘மரச்சீனி’ என்பது ‘மரச்சீ’ என நிற்கும். பின்னாளில் அகராதியைப் புரட்டுவார், நாஞ்சில் நாட்டில் இப்படியும் சொற்கள் வழங்கினவோ என வியப்பர். நல்ல கருவித்தொகுதிகள் இதனை அறிந்தே, ஒவ்வொரு விசையையும் முதலில் உள்ளீட்டுமுறைக்குக் காட்டி, அது வேண்டாமென விடுத்ததையே பெட்டிக்குத் தருகின்றன. நிரலர் செய்யத்தக்கது அவ்வொழுங்கைக் குலையாதிருத்தலே.

இங்ஙனம் ஆராய்ந்தபின் எமக்குத் தெளிவாயது ஒன்று. கேட்கவேண்டிய கேள்வி ‘எவ்விசை அழுத்தப்பட்டது?’ என்பதன்று, ‘எழுதுவோர் முடித்தாரா?’ என்பதே. முன்னதற்கு விடையளிப்பது விசைப்பலகை. பின்னதற்கு விடையளிக்க வல்லது உரைப்பெட்டி. உள்ளீட்டுமுறை, இரு எண்டர் விசைகள் ஆகிய யாவற்றையும் கடந்து, ‘முற்றிற்று’ என அப்பெட்டியே அறிவிக்கும் அறிவிப்பு ஒன்று பல கருவித்தொகுதிகளில் உண்டு. ஜாவாவின் ஸ்விங் தொகுதியில் ஒரு வரிப் பெட்டியானது எண்டர் அழுத்தப்பட்டவுடன் ‘ஆக்‌ஷன்’ நிகழ்வை எழுப்பும். ஜி.டி.கே. தொகுதியில் அது ‘ஆக்டிவேட்’ எனப்படும். கியூட் தொகுதியில் ‘ரிட்டர்ன் பிரெஸ்டு’ எனப்படும். கியூட்டில் ‘எடிட்டிங் ஃபினிஷ்டு’ என்னும் பிறிதொரு அறிவிப்பும் உண்டு. அது எண்டர் அழுத்தியபோது மட்டுமன்றி, எழுதுவோர் வேறு பெட்டிக்கு நீங்கியபோதும் எழும். எழுந்து செல்லுதல் வேறு, முடித்தல் வேறு. ஆதலின் பதிவு செய்தற்கு யாம் அதனைக் கொள்ளவில்லை.

எம் சாளரத்தைக் கியூட் கொண்டே அமைத்தோம். அதன்கண் எம்மைக் கவர்ந்த சிறப்பு ஒன்றுண்டு. பெட்டிக்கு ஒரு சரிபார்ப்பானை அமைத்துவிட்டால், எழுதியது தகுதியுடையதாய் இருந்தாலன்றி ‘ரிட்டர்ன் பிரெஸ்டு’ அறிவிப்பு எழாது. வெறும் பெட்டியும் வெற்றிடமும் தகுதியற்றன என வரையறுத்தோம். சொல்லை எழுதி எண்டரை அழுத்தினால் எழுதுகுறி பொருட்பெட்டிக்குச் செல்லும். சொல்லின்றி எத்துணை முறை அழுத்தினாலும் சாளரம் அசையாது.

இனிப் பொருட்பெட்டியைப் பற்றிக் கூறுவோம். அதனையும் ஒரு வரிப் பெட்டியாக்கி, எண்டரே பதிவுக்குறியாகுக என்றார் தோழர். விரைவிற்கு அதுவே ஏற்றது. ஆயினும் யாம் பாட்டியாரின் பேச்சு முறையை நினைந்தோம். ஒருநாள் ‘வெள்ளம்’ என்னுஞ் சொல்லுக்குப் பொருள் கேட்டபோது, “குடிக்கிய தண்ணிதான்” என்று கூறி அமைதியானார். யாம் அடுத்த சொல்லுக்குச் செல்ல முயன்றோம். “மக்ளே, நிக்கட்டு, இன்னும் சொல்லி முடியல்லே” என்றார். பின்னர், சிறுமியாய் இருந்த காலத்தே ஐப்பசி மழையில் ஆறு பெருகி ஏலா முழுவதும் நீர் நின்றதையும், அதனையும் வெள்ளம் என்றே அழைத்ததையும், அவ்வாண்டு கும்பப்பூ பிந்தியதையும், வீட்டில் மரச்சீனியே உணவாயிருந்ததையும் எடுத்துரைத்தார். சொல்லின் பொருள் முதல் மூச்சில் முடிந்தது. சொல்லின் வாழ்வு இரண்டாம் மூச்சில்தான் தொடங்கிற்று. அவரது மௌனம் முற்றன்று, எச்சமே.

ஆகவே பொருட்பெட்டியைப் பல வரி கொள்ளும் பெட்டியாகவே வைத்தோம். ஆண்டு எண்டர் தன் பழைய தொழிலாகிய வரி திருப்புதலையே செய்யும். கண்ட்ரோல் விசையோடு சேர்த்து அழுத்தினால்தான் பதிவு நிகழும். இரு விரலால் அழுத்தவேண்டியிருத்தலின் அது தற்செயலாய் நேராது. ‘ஆமென்’ என்பதுபோல் மனமறிந்தே கூறப்படும். பதிந்தபின்னும் அப்பதிவைத் திறந்து மேலும் எழுத வழி வைத்தோம். மறுநாள் வெற்றிலை இடிக்கும்போது முந்தியநாள் சொல்லுக்கு மற்றொரு பொருள் நினைவுக்கு வருதல் முதியோர் இயல்பு. இம்முறையில் இதுகாறும் முந்நூற்றுக்கு மேற்பட்ட சொற்கள் சேர்ந்துள்ளன.

பொறி தான் கேட்பதைத் தானே தெரிந்துகொள்வதில்லை. எதனைக் கேட்டல் வேண்டும் என நாம் கற்பிக்கின்றோமோ அதனையே கேட்கும். விரலசைவைக் கேள் எனின் விரலசைவைக் கேட்கும். முடிவைக் கேள் எனின் முடிவைக் கேட்கும். ஆங்கிலத்தையே நினைந்து எழுதப்பட்ட நிரல் தமிழின் ஈற்றெழுத்தை விழுங்குமாயின், அக்குறை பொறியினதன்று. தமிழ் எழுதுவார் ஒருவரும் அந்நிரலை ஆக்குவோர் பக்கத்தில் அமர்ந்திராமையே அதன் காரணம். எச்சமும் முற்றும் பிரித்தறியக் கற்கும் தமிழ் மாணாக்கர்க்கு இத்துறையிற் கூற வேண்டுவன பல உள. ஆதலின் மாணவ நண்பர்களே, கணினித்துறை நமக்குப் புறம்பானது என ஒதுங்காது, அதனைப் பயிலும் தோழரோடு கூடியிருந்து, தமிழ் எழுத்து எப்பொழுது முடிகின்றது, தமிழர் பேச்சு எப்பொழுது முடிகின்றது என்பதை அவர்க்கு எடுத்துரைமின். உங்கள் இல்லங்களிலும் முதியோர் உளர். அவர்தம் சொற்களை எழுதிக்கொள்ள அமருங்கால், அவர் முடித்தாரென நீவிரே முடிவு செய்யாது, சிறிது பொறுத்திருமின்.